மனைவி கையெழுத்திட வேண்டிய இடம்

ஏழு வருடம் கழித்து ரெனான்டே வந்து நின்றபோது, அடெல்ஃபா பள்ளிக்கூடக் கான்டீனில் சூப்புக்கு எலும்பு வேகவைத்துக்கொண்டிருந்தாள். ஒரு கையில் லான்சோனேஸ் பழப்பை, இன்னொரு கையில் பிளாஸ்டிக் ஃபைல். பழத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் பாதி விஷயம் புரிந்துவிட்டது. ஒன்றாகக் குடித்தனம் நடத்திய காலத்தில்கூட வீட்டுக்கு ஒரு பழம் வாங்கி வராத மகராசன் அவன்.

"நல்லா இருக்கியா இண்டாய்?" என்றான். காதலித்த காலத்தில் அப்படித்தான் கூப்பிடுவான். அந்தச் சொல்லை இப்போது அவன் வாயால் கேட்க அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் கரண்டியை வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, "உக்காரு" என்றாள்.

ரெனான்டே சரக்குக் கப்பலில் இன்ஜினியர். பிலிப்பைன்ஸில் இந்த இலோய்லோ ஊரில் தெருவுக்கு நாலு பேர் கப்பலில் இருப்பார்கள். அவர்கள் சம்பளத்தில் ஒரு பகுதி மாதாமாதம் மனைவி பெயருக்கு வரும். அடெல்ஃபாவுக்கும் வந்துகொண்டிருந்தது. ஒரு மாதம் வரவில்லை. கப்பல் கம்பெனிக்குப் போய்க் கேட்டாள். "பேரை மாத்திட்டாரே, உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டாள் அங்கிருந்த பெண். புதுப் பெயர் ஜோவெலின். புருஷன் தன்னை விட்டுப் போய்விட்ட செய்தி அடெல்ஃபாவுக்கு அப்படித்தான் வந்து சேர்ந்தது, முன்பின் தெரியாத ஒருத்தியின் வாயால், வரிசையில் பின்னால் நின்றவர்கள் காதுபட.

இப்போது அவன் ஃபைலைத் திறந்தான். வீட்டுக் கடன். பாவியா என்ற ஊர்ப் பக்கம் புதிதாகக் கட்டிய வில்லா கொன்சுவேலோ குடியிருப்பில் மாடி வீடு. காகிதம் எல்லாம் தயாராம், ஒன்றே ஒன்றுதான் பாக்கியாம்.

"ஒரே ஒரு கையெழுத்து இண்டாய். இங்க பாரு, இந்த இடத்துல."

அவன் விரல் வைத்த கோட்டுக்குக் கீழே 'மனைவியின் சம்மதம்' என்று அச்சிட்டிருந்தது. அடெல்ஃபா அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு மனைவி இருக்கான்னு அவங்களுக்கு யார் சொன்னா?"

ரெனான்டே தலையைச் சொறிந்தான். நடந்தது இதுதான். விண்ணப்பத்தில் 'மணமாகாதவர்' என்று கூசாமல் எழுதிக் கொடுத்திருக்கிறான். இங்கே பாதிப் பேர் அப்படித்தான் எழுதுகிறார்கள். வேறு ஊரில் வேறு ஒருத்தியோடு வாழ்ந்தால் பழைய கல்யாணம் தானாகக் கரைந்துபோய்விடும் என்று நினைப்பு. கடன் கொடுக்கிறவர்கள் பதிவாளர் அலுவலகத்தில் சான்று கேட்டிருக்கிறார்கள். ஹாரோ தேவாலயத்தில் நடந்த கல்யாணம், நாளோடும் பெண் பெயரோடும் வந்து நின்றிருக்கிறது. இந்த நாட்டில் விவாகரத்து கிடையாது. கல்யாணத்தையே ரத்து செய்ய வழக்குப் போடலாம். அதற்கு ஆகிற செலவுக்குப் பயந்தே ஆண்கள் சத்தம் போடாமல் அடுத்த குடித்தனம் வைத்துக்கொள்கிறார்கள். காகிதத்தில் மட்டும் கட்டினவளே மனைவி, சாகிற வரைக்கும்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றாள் அடெல்ஃபா.

"சீக்கிரம் சொல்லு. அடுத்த மாசக் கடைசியில கப்பல் ஏறணும்."

அவன் போனதும், கூடச் சமைக்கிற, அவளை அக்கா முறையில் 'மானாங்' என்று கூப்பிடுகிற நிம்ஃபா அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். கான்டீனில் கதவு ஏது?

"கிழிச்சுப் போடுங்க மானாங். என்ன தைரியம் அந்த ஆளுக்கு! அவளைக் குடி வைக்க நீங்க கையெழுத்துப் போடணுமாமா?"

"கிழிச்சா என்ன ஆகும்? ரெண்டு நாள் கத்துவான். அப்புறம் வேற வழி பாப்பான். எனக்கு அது போதாது நிம்ஃபா."

"பின்னே என்ன வேணும்?"

"அந்த வீடு வேணும்."

நிம்ஃபா சிரித்தாள். அடெல்ஃபா சிரிக்கவில்லை.

ஏழு வருடத்துக்கு முன்னால், அவன் போன கையோடு, அவளும் இதே மாதிரி ஒரு ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலைந்தவள்தான். மாடி வீடு இல்லை, சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடு. ஒரு அறை, பின்னால் துணி துவைக்க இடம், தெருவைப் பார்த்துத் தனக்கென்று ஒரு கதவு. கான்டீன் சம்பளச் சான்று, பிறப்புச் சான்று, வரி எண், பேட்டை அலுவலகத்தில் தரும் குடியிருப்புச் சான்று எல்லாம் சேர்த்தாள். கடைசியில் புருஷன் கையெழுத்து கேட்டார்கள். அப்போது ரெனான்டே கரையில்தான் இருந்தான். வருகிறேன் என்று சொன்னான். அவள் நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு கடன் அலுவலகக் கவுண்டர் முன்னால் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தாள். விளக்கை அணைக்கிற நேரத்துக்கு அவனிடமிருந்து செய்தி வந்தது. 'உன் கடன்ல நான் ஏன் மாட்டணும்? தனி ஆளுக்கு எதுக்கு வீடு? ஒரு பாய் விரிக்க இடம் போதாதா?'

கவுண்டரில் இருந்த அம்மாள் பாவப்பட்டு, "அவர் வராததும் ஒரு விதத்துல நல்லதும்மா" என்றாள். "உங்க சம்பளத்துல நீங்க கட்டினாலும் பாதி அவருக்குத்தான் சேரும். கல்யாணம் இருக்கிற வரைக்கும் அப்படித்தான். பத்திரத்துலயே அவர் பேரும் ஏறும். தெரியாமத்தான் எல்லாரும் இது வெறும் கையெழுத்துதானேன்னு நினைச்சுக்கிட்டு இருக்காங்க."

அன்றைக்கு அந்த ஆறுதல் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. வீடு வேறு யாருக்கோ போனது. அவள் மீன் மொத்த வியாபாரி ஒருத்தன் வீட்டுக்குப் பின்னால் ஓர் அறையில் குடியேறினாள். அங்கே கதவைத் திறந்தால் ஐஸ் பெட்டிகளும் கவிச்சு நாற்றமும்தான். அவனுடைய கொழுத்த பெண்டாட்டி எப்போது வேண்டுமானாலும் தட்டாமல் உள்ளே வருவாள். வந்து விளக்கு ஸ்விட்சை அணைத்துவிட்டுப் போவாள். ஏழு வருடம் அதைப் பொறுத்துக்கொண்ட அடெல்ஃபாவுக்கு அந்தக் கவுண்டர் அம்மாள் சொன்ன ஒரு வார்த்தைகூட மறக்கவில்லை.

மறுநாள் ரெனான்டேவுக்குச் சம்மதம் சொல்லி அனுப்பினாள்.

அவன் துள்ளிக் குதித்து வந்தான். கூடவே ராமில் என்ற வீட்டு ஏஜென்ட், வெயிலில் வழிகிற தலை எண்ணெயும் கழுத்தில் டையுமாக. "மேம் ரொம்ப நல்ல மனசு" என்று பத்து தடவை சொன்னான்.

"கையெழுத்துப் போடறேன். ஆனா என் காகிதம் ஒண்ணும் என்கிட்ட சரியா இல்லையே" என்றாள் அடெல்ஃபா பாவமாக. "என்னால கான்டீனை விட்டுட்டு வர முடியாது. அவரே வாங்கிட்டு வரட்டும்."

அன்றிலிருந்து ஆரம்பித்தது ரெனான்டேவுக்கு அலைச்சல். அவளுடைய பிறப்புச் சான்றுக்கு வரிசை. கல்யாணச் சான்றுக்கு இன்னொரு வரிசை. சான்று வாங்க அவளுடைய அனுமதிக் கடிதம் வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். கடிதத்தை அவள் எழுதிக் கொடுத்தாள். அடையாள அட்டை நகலை வைக்க 'மறந்துவிட்டாள்'. பதிவாளர் அலுவலக வரிசை தெரியுமல்லவா, கூரை தகரம், மின்விசிறி ஒன்று, அதுவும் அதிகாரி பக்கம் திரும்பியிருக்கும். கப்பல் இன்ஜினியர் சட்டை முதுகோடு ஒட்ட நின்றான். மதியம் கான்டீனுக்கு வந்து, "ஐஸ் தண்ணி இருக்கா?" என்பான். அடெல்ஃபா கனிவாகக் கொடுப்பாள். அவன் மடக்மடக்கென்று குடிப்பதைப் பார்க்க அவளுக்கு அவ்வளவு குளிர்ச்சியாக இருக்கும்.

பேட்டைச் சான்றில் பழைய முகவரி. போய் மாற்றினான். புகைப்படத்துக்குப் பின்னணி வெள்ளையாக இல்லை. போய் அவளை மறுபடி படம் எடுக்கக் கூட்டிப்போனான். அவள் தலைவாரிக்கொள்ள ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டாள். எல்லாம் முடிந்து நோட்டரி முன்னால் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டாள். கடன் அலுவலகத்திலிருந்து திரும்பி வந்தது: அட்டையில் உள்ள கையெழுத்தும் இதுவும் ஒத்துப்போகவில்லை.

"கை நடுங்கிருச்சு. இவ்வளவு வருஷம் கழிச்சு உன் பக்கத்துல உக்காந்தேனா" என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

அதைக் கேட்டு அவன் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! ஆம்பளைக்குச் சொல்லக் கூடாத வார்த்தை அது. தான் விட்டுப் போனவள் தன்னையே நினைத்து உருகிக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தால், எவ்வளவு கெட்டிக்காரனும் மூளையைக் கழற்றி வைத்துவிடுவான். அதற்கப்புறம் ரெனான்டே அவள் தாமதிக்கிற ஒவ்வொரு தடவையும் பெருந்தன்மையாகச் சிரித்தான். "நீ இன்னும் மாறவேயில்லை இண்டாய்" என்றான். ஜோவெலினிடம் ஏதோ சொல்லிச் சமாளித்தான். அவளுக்கு வரிசை என்றாலே ஆகாது, வெயில் ஆகாது, காகிதம் ஆகாது. சோபாவும் துணி துவைக்கும் மெஷினும் பார்த்து வைப்பதுதான் அவள் வேலை.

கப்பல் ஏறுகிற வாரம் வந்தது. விண்ணப்பம் இன்னும் பாதி வழியில் நின்றது. கடன் ஒப்பந்தம், பத்திரப் பதிவு, வீடு ஒப்படைப்பு எல்லாவற்றுக்கும் கையெழுத்து வேண்டும். ராமிலுக்குக் கமிஷன் கை நழுவிப் போகிற பயம். கான்டீன் மேசையில் ஃபைலை விரித்து வைத்துக்கொண்டு அவனே வாயைத் திறந்தான்.

"சார், நீங்க கடல்ல இருக்கும்போது உங்களுக்குப் பதிலா கையெழுத்துப் போட ஒருத்தருக்கு அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்துட்டுப் போயிடுங்க. எல்லா மாலுமியும் அப்படித்தானே செய்யறாங்க."

"அப்போ ஜோவெலின் பேருக்கு எழுதிடு."

"உறவுன்னு என்ன போடறது சார்? சிநேகிதின்னு போட்டா நூறு கேள்வி கேப்பாங்க. ஏற்கெனவே மணமாகாதவர்னு எழுதிக் கொடுத்து மாட்டின ஆளு நீங்க. உங்கம்மா உயிரோட இருந்தாலாவது பரவாயில்லை." ராமில் அடெல்ஃபாவை ஒரு தடவை பார்த்தான். "மேம் எப்படியும் எல்லாத்துலயும் கையெழுத்துப் போட வேண்டியவங்கதானே? மேம் பேருக்கே எழுதிட்டா ஒரே வேலையா முடிஞ்சிடும்."

அடெல்ஃபா எலும்பை வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தி நிற்கவில்லை.

"எனக்கு எதுக்கு இந்தப் பொறுப்பெல்லாம்? நான் சமையக்காரி" என்றாள்.

"எனக்காக இண்டாய்" என்றான் ரெனான்டே.

கத்தியை வைத்துவிட்டுப் பெருமூச்சு விட்டாள். அவனுக்காகச் சரி என்றாள்.

விமானத்துக்குப் போகிற வழியில், பெட்டிகளை டாக்ஸியில் வைத்துவிட்டு, நோட்டரி அலுவலகத்தில் இறங்கினான். அதிகாரப் பத்திரத்தில், கடன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட, தவணையைத் தன் சம்பளத்திலிருந்து நேராகப் பிடித்துக்கொள்ளச் சொல்ல, பத்திரத்தை வாங்க, வீட்டையும் சாவியையும் பெற்றுக்கொள்ள என்று வரிசையாக எழுதியிருந்தது. படித்துப் பார்க்க அவனுக்கு நேரமில்லை. ஒவ்வொரு பக்கத்திலும் கிறுக்கினான்.

"சாவி வந்ததும் ஜோவெலின்கிட்ட கொடுத்துடு, என்ன?"

"வீட்டை நான் பத்திரமா பாத்துக்கறேன். நீ கவலைப்படாம போ" என்றாள் அடெல்ஃபா.

டாக்ஸி திரும்பி மறைந்ததும், அவள் நேரே கடன் அலுவலகத்துக்குப் போனாள். அன்றைக்குக் கை நடுங்கவில்லை. அட்டையில் இருப்பது போலவே, கோடு கோடாக, அழகாகக் கையெழுத்துப் போட்டாள். ஏழு வருடத்துக்கு முன்னால் தான் சேர்த்த அதே வரிசையில் காகிதங்களை அடுக்கிக் கொடுத்தாள். எது எந்த ஜன்னலுக்கு முதலில் போக வேண்டும், எந்த அதிகாரி மதியத்துக்கு மேல் வரமாட்டார், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. எங்கும் ஒன்றும் திரும்பி வரவில்லை. ராமில் வாயைப் பிளந்தான்.

"மேம், முன்னாடியே இப்படிச் செஞ்சிருக்கலாமே!"

"முன்னாடி எனக்குத் தெரியலையேப்பா" என்றாள்.

வீட்டுப் பத்திரம் வந்தது. உரிமையாளர் ரெனான்டே பல்மாரெஸ், அடெல்ஃபாவை மணந்தவர் என்று முதல் பக்கத்திலேயே அச்சடித்திருந்தது. ஜோவெலினுக்கு அதில் எங்கும் இடமில்லை. அடெல்ஃபா அதைக் கான்டீனில் நிம்ஃபாவிடம் காட்டினாள்.

"அவன் தவணை கட்டறதை நிறுத்திட்டா மானாங்? உங்க தலையில இல்ல விழும்?"

"சம்பளத்துல பிடிச்சுடறாங்க. நிறுத்தணும்னா கப்பல்ல இருந்து இறங்கி வந்து வரிசையில நிக்கணும். வரிசையில நிக்கிறது எப்படி இருக்கும்னு இப்போ அவனுக்கு நல்லாத் தெரியும்." அப்புறம் சற்று மெதுவாக, "அப்படியே விழுந்தாலும் விழட்டும். என் வீட்டுக் கடன் என் தலையில விழுந்தா எனக்கென்ன வெக்கம்?" என்றாள்.

புது வீட்டுக்குள் முதலில் போக வேண்டியது அரிசியும் உப்பும். யார் அதைத் தூக்கிக்கொண்டு முதல் அடி வைக்கிறார்களோ அவர்கள் வீடு அது. ஒப்படைப்பு நாளன்று அடெல்ஃபா மீன்காரன் வீட்டு அறையைக் காலி செய்தாள். அவன் பெண்டாட்டி கடைசித் தடவையாகத் தட்டாமல் உள்ளே வந்து பார்த்தாள். அறையில் ஸ்விட்சைத் தவிர ஒன்றும் இல்லை. ஒரு டப்பா அரிசி, ஒரு பொட்டலம் உப்பு, துணிப்பை ஒன்று. வில்லா கொன்சுவேலோ வாசலில் காவலாளி பெயர்ப் பட்டியலைப் பார்த்து, "வாங்க மிசஸ் பல்மாரெஸ்" என்று சல்யூட் அடித்தான். அந்தப் பெயரால் அவளை யாரும் கூப்பிட்டு வெகு காலம் ஆகியிருந்தது.

அரிசியை அடுப்பு மேடையிலும் உப்பை வாசற்படி ஓரத்திலும் வைத்தாள். எல்லா ஜன்னலையும் திறந்தாள். பெயின்ட் வாசனையைத் தவிர வேறு வாசனை இல்லை. கதவை உள்ளேயிருந்து பூட்டிப் பார்த்தாள், திறந்தாள், மறுபடி பூட்டினாள். அழுகை வந்தது. அழுதுவிட்டு முகம் கழுவினாள்.

வெயில் ஏறியபோது காவலாளி வந்து கதவைத் தட்டினான்.

"மேம், கேட்ல ஒரு லாரி நிக்குது. சோபா, மெஷினு எல்லாம் இருக்கு. ஒரு பொண்ணு இது அவங்க வீடுன்னு சத்தம் போடறாங்க. பட்டியல்ல பேரு இல்லை. விருந்தாளி நோட்டுல கையெழுத்துப் போட்டு அடையாள அட்டையைக் கொடுங்கன்னேன், என்னை அடிக்க வர்றாங்க."

அடெல்ஃபா தலைவாரிக்கொண்டு நிதானமாக நடந்து போனாள்.

ஜோவெலினை அவள் நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. இளையவள், வியர்வையில் மை கரைந்து வழிந்துகொண்டிருந்தது. வெயில் ஆகாதவள் வெயிலில் நின்றாள். ஒரு நொடி அடெல்ஃபாவுக்குப் பரிதாபம் வரப் பார்த்தது. கப்பல் கம்பெனி வரிசையில் தான் நின்றது ஞாபகம் வந்தது, பரிதாபம் போய்விட்டது.

"சாவியைக் கொடு" என்றாள் ஜோவெலின்.

"எந்தச் சாவி?"

"என் வீட்டுச் சாவி. அவர் உன்கிட்ட கொடுக்கச் சொன்னாரில்ல?"

"பத்திரமா பாத்துக்கச் சொன்னார். பாத்துக்கறேன்."

ஜோவெலின் கைபேசியை எடுத்துக் கப்பலுக்கு வீடியோ கால் போட்டாள். சிக்னல் வர நேரம் ஆனது. அதுவரை லாரிக்காரன் ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தான். கடைசியில் திரையில் ரெனான்டேயின் முகம் தெரிந்தது, ஆரஞ்சு நிற வேலையுடுப்பில், பின்னால் இரும்புச் சுவர். ஜோவெலின் சொன்னதைக் கேட்கக் கேட்க அவன் முகம் வெளுத்துப் போயிற்று. ஜோவெலின் கைபேசியை அடெல்ஃபாவின் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"என்ன இது இண்டாய்? நான் உன்னை நம்பினேனே."

"நானும் ஒரு நாள் நம்பித்தான் உக்காந்திருந்தேன். கவுண்டர்ல, விளக்கு அணைக்கிற வரைக்கும்."

அவனுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. புரிந்தது என்று அவளுக்குத் தெரிந்த அந்த நொடிக்காகத்தான் ஏழு வருடம் மீன் நாற்றத்தில் படுத்து எழுந்திருக்கிறாள்.

"இரு, இரு. பேசித் தீர்த்துக்கலாம். அதுல உனக்கு உரிமை இல்லைன்னு ஒரு காகிதத்துல கையெழுத்துப் போட்டுடு. என்ன வேணும் சொல்லு, தர்றேன். நான் ராப்பகலா இன்ஜின் ரூம்ல வெந்து சம்பாதிக்கிற காசு இண்டாய் அது. எனக்கு வீடு வேணும்."

அடெல்ஃபா திரையில் அவனுக்குப் பின்னால் தெரிந்த குறுகலான படுக்கையைப் பார்த்தாள்.

"கடல்ல கிடக்கிற தனி ஆளு நீ. உனக்கு எதுக்கு வீடு ரெனான்டே? ஒரு பாய் விரிக்க இடம் போதாதா?"

கைபேசியை ஜோவெலினிடம் திருப்பிக் கொடுத்தாள். காவலாளி விருந்தாளி நோட்டை நீட்டியபடியே நின்றுகொண்டிருந்தான்.

"உள்ளே விடட்டுமா மேம்?"

"வேண்டாம்ப்பா. எனக்கு உலை வைக்கணும்" என்று சொல்லிவிட்டு அடெல்ஃபா தன் வீட்டுக்கு நடந்தாள்.